நல்ல தோற்றம்

“நல்ல தோற்றம் அவசியம்.”

நான் வேலை தேடிய காலத்தில் செய்தித்தாளில் தவறாமல் வரும் வரி இது. துணிக்கடைக்குப் பெண் தேவை, நல்ல தோற்றம் அவசியம். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கப் பெண் தேவை, நல்ல தோற்றம் அவசியம். பிரேசிலில் பிறந்த யாருக்கும் இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பிகள் வந்து வாசலை அடைக்க வேண்டாம் என்பதை மரியாதையாக எழுதினால் இப்படித்தான் இருக்கும். அப்படியும் ஒரு துணிக்கடைக்குப் போனேன், இருந்த ஒரே நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு. முதலாளியம்மா என் தலையைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், “ஆள் எடுத்தாச்சும்மா” என்றாள். நான் படியிறங்குவதற்குள் எனக்குப் பின்னால் நின்றவளை “உள்ள வா கண்ணு” என்று கூப்பிட்டாள்.

சரி, இந்த ஊருக்கு நேரான முடிதான் வேண்டுமென்றால் அதை நானே விற்கிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வீட்டு முன்னறையில் பார்லர் வைத்தேன். எங்கள் வட்டாரத்தில் இந்த சுலெய்டியின் கை படாத சுருட்டை முடி கிடையாது. ஒரு தலையைத் தவிர. அது கிரெமில்டாவின் தலை. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், பக்கத்து வீடு. மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவையும் வெந்நீர் பிளாஸ்க்குமாக தினமும் வந்து என் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். “தலைக்கு ஒண்ணும் வேணாம்டி. நாக்குக்கு வேல குடுக்கத்தான் வந்தேன்” என்பாள்.

என் மகள் ஈவ்லின் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னை வாழ்த்தினார்கள். குழந்தை பிறந்ததற்கு அல்ல, அது வெளுப்பாகப் பிறந்ததற்கு. “உனக்குச் சுத்தமான வயிறும்மா” என்றாள் ஒரு நர்ஸ். கறுப்பி வெளுப்பான பிள்ளை பெற்றால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அப்படியென்றால் என் அம்மாவின் வயிறு அழுக்கா என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் சிரித்தேன். நன்றி கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஈவ்லினின் அப்பா வால்டிர், லாரி ஓட்டுபவன், ஜெர்மன்காரப் பரம்பரை, பச்சைக் கண். அவனைப் பெற்றவள் கடைசி வரை குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “அந்தக் கறுப்பியோட பொண்ணு” என்பாள். பிறகு வால்டிரும் லாரியோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டான். அவன் நிறத்திலிருந்து கொஞ்சம் என் கையில் விட்டுப் போயிருந்தான், அதைக் காப்பாற்றுவதுதான் என் வேலை என்று நினைத்தேன். குளிப்பாட்டும்போது மூக்கைப் பிடித்து நீவி விட்டேன். வெயிலில் விளையாட விடவில்லை. ஆறு வயதில் அவள் தலையில் முதல் தடவை முடியை நேராக்கும் மருந்து வைத்தேன். கண் எரிகிறது என்று அழுதாள். வலித்தால்தான் அழகு என்றேன்.

நகரத்துக்கு நடுவே ஒரு நல்ல அரசுப் பள்ளிக்கூடம், அங்கே சேர்த்தேன். முதல் வாரம் மழை. குடையோடு வாசலில் நின்றேன். புது டீச்சர் என்னையும் பார்த்தாள், என் கையைப் பிடித்திருந்த பிள்ளையையும் பார்த்தாள்.

“நீங்க பாப்பாவப் பாத்துக்கறவங்களா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த டீச்சரின் முகத்தில் அவ்வளவு கனிவு. நான் அம்மா என்று சொன்னால் அது ஒரு படி குறையும், அந்தக் குறைச்சல் என் மேல் அல்ல, பிள்ளை மேல் விழும் என்று தோன்றியது.

“ஆமா டீச்சர். அவங்க வீட்ல வேல செய்றேன்.”

ஈவ்லின் நிமிர்ந்து பார்த்தாள். அவள் விரலை அழுத்தினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் கேட்டாள்: “அம்மா, அப்ப நாம இருக்கறது யாரு வீட்ல?”

அதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அதன் பிறகு கடையிலும் பஸ்ஸிலும் யார் கேட்டாலும் அதே பதில்தான், பள்ளிக்கூட வாசல் வரை போவதையே விட்டுவிட்டேன். எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் நிற்பேன், அவள் சாலையைக் கடந்து வருவாள். வளர்ந்த பிறகு, மருத்துவ நுழைவுத் தேர்வுக்கென்று இலவச இரவு வகுப்பில் சேர்ந்தபோதும் அதே பழக்கம். எல்லாம் அவளுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதியை இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்த வருஷம் தேர்வில் தேறிவிட்டாள். அரசுப் பள்ளியில் படித்த கறுப்புப் பிள்ளைகளுக்கும் பழுப்பு என்கிற கலப்புப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கிய இடத்தில் விண்ணப்பித்திருந்தாள். அதை நிரப்பும்போதே எட்டிப் பார்த்தேன்.

“பழுப்புன்னா போட்ட? ஏன்டி, மாநிறம்னு ஒரு கட்டம் இல்லையா?”

“இல்லம்மா. அது உன் பார்லர்ல மட்டும்தான் இருக்கு.”

கிரெமில்டா மாத்தே புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

தன் நிறத்தை அவரவரே சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் பழைய விதி. ஆனால் பொன்முடிப் பிள்ளைகள் சிலர், பூட்டி கறுப்பு என்று கதை சொல்லிக்கொண்டு அந்த இடங்களில் புகுந்துவிட்டார்கள். அதனால் இப்போது பல்கலைக்கழகம் நியமித்த ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். குடும்பக் கதை செல்லாது. அம்மாவின் போட்டோ செல்லாது. முகம், தோல், முடி அவ்வளவுதான். தெருவில் போகிறவன் உன்னைப் பார்த்தால் என்னவென்று நினைப்பானோ, அதை அந்த ஐந்து பேரும் நினைத்துச் சொல்வார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஈவ்லின் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். தெரிந்தும் செய்தேன், அதுதான் என்னைத் தின்கிறது.

நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. நேரில் வா என்று யாராவது சொன்னால் என் கைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். முதல் நாள் சாயங்காலம் அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன்.

“வேணாம்மா. சும்மா கட்டிக்கிட்டுப் போறேன்.”

“பரட்டத் தலையோட போய் நிப்பியா? அஞ்சு பேரும் படிச்சவங்கடி. சுலெய்டி பொண்ணு இப்படித்தான் வருவாளான்னு கேக்க மாட்டாங்க?”

“அவங்களுக்கு சுலெய்டின்னா யாருன்னே தெரியாது.”

“பேசாம உக்காரு.”

கிரெமில்டா அன்று சிரிக்கவில்லை. “நாளைக்கு அவங்க பாக்கப் போறது இவ நிறத்த. நீ அத மூடி அனுப்பறியேடி” என்றாள். உனக்குப் பொறாமை என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். முடிக்கென்று இருக்கும் இஸ்திரியைச் சூடாக்கி ஒவ்வொரு கொத்தாக இழுத்தேன். கண்ணாடிபோல் வழுக்கிக்கொண்டு இடுப்பு வரை விழுந்தது. காலையில் அவள் நிறத்துக்கு ஒரு படி மேலான பவுடரைத் தொட்டு முகத்தில் போட்டேன். அவளைத் திருப்பி நிறுத்திப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தத் துணிக்கடை முதலாளியம்மா இவளை வாசல் வரை வந்து அழைத்துப் போயிருப்பாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். நான் குஞ்சுக்குப் பொன் பூசியே அனுப்பினேன்.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டேன். நல்ல குளிர், எங்கள் ஊரில் குளிரைக் கொண்டுவரும் தெற்குக் காற்று. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

“என்னடி கேட்டாங்க?”

“ஒண்ணும் கேக்கல. ஒரு வரி படிக்கச் சொன்னாங்க, நான் பழுப்புன்னு அறிவிக்கிறேன்னு. படிச்சேன். அஞ்சு பேரும் என் தலையவே பாத்துக்கிட்டிருந்தாங்க.”

“நல்லா இருக்குன்னு பாத்திருப்பாங்க” என்றேன். வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்துவிட்டேன்.

முடிவு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. ஒரு பெண்ணின் தலையில் மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். ஈவ்லின் கைபேசியோடு உள்ளேயிருந்து வந்தாள். ஏற்கவில்லை, பழுப்பு இனத்தவருக்குரிய தோற்றம் இல்லை என்று எழுதியிருந்தது. அழுவாள், கத்துவாள், என் இஸ்திரியைத் தூக்கிச் சுவரில் அடிப்பாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள்.

“நீ ஜெயிச்சிட்டம்மா” என்றாள்.

கையுறையோடு அப்படியே நின்றேன். பெரிய கடைக்குப் போனால் காவலாளி அவள் பின்னாலேயே நடப்பான், அவனுக்கு அவள் கறுப்பு. வால்டிரின் அம்மாவுக்குக் கறுப்பியின் பெண். என் வாடிக்கையாளர்களுக்கு மாநிறம். ஊரெல்லாம் அவள் மேல் எறிந்த நிறத்துக்கு ஒரே ஒரு தடவை பலன் கிடைக்கவிருந்த இடத்தில் மட்டும் வெள்ளை. அந்த ஐந்து பேரை நான் திட்டவே முடியாது. நான் காட்டியதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். என் பிள்ளையின் படிப்பை என் கையாலேயே கெடுத்தேன். நாற்காலியில் இருந்த பெண், “அக்கா, எரியுதுக்கா, கழுவி விடுங்க” என்று கத்திய பிறகுதான் அசைந்தேன்.

மேல்முறையீடு செய்தால் வேறு ஐந்து பேர் மறுபடி பார்ப்பார்கள். ஈவ்லின் அன்றைக்கே செய்தாள், தேதி செவ்வாய்க்கிழமை என்று வந்தது. சனிக்கிழமை கடையை மூடிவிட்டுச் சொன்னேன்: “முடிய அப்படியே விட்டுட்டுப் போ.”

“எப்படியே? இதுல எதும்மா என் முடி?”

மருந்து வைத்த முடி சுருளாது. வளர்வதுதான் சொந்த முடி, அது வேரில் ஒரு விரல் அளவுக்குத்தான் இருந்தது. மீதியெல்லாம் நான் செய்தது. அவள் முடி எந்த மாதிரிச் சுருள் என்று பெற்றவள் எனக்கே தெரியாது. ஊரில் எல்லார் தலையும் எனக்கு மனப்பாடம், இவளுடையது மட்டும் தெரியாது.

“வெட்டிடலாம். ஒட்ட வெட்டினா தெரியும்” என்றேன். “கொஞ்ச நேரம் மொட்ட மாடி வெயில்லயும் நில்லு.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். “போன வாரம் அவங்களுக்காக வெளுக்க வெச்ச. இந்த வாரம் அவங்களுக்காகக் கருக்க வெக்கிற. நான் எப்பம்மா நானா போறது?”

கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைக்கப் போனேன்.

“குடு. வெட்டு” என்றாள். “வெயிலும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவங்களுக்காக இல்ல. எனக்குப் பாக்கணும்.”

வெட்டினேன். இடுப்பு நீள முடி தரையில் குவிந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பு. கடைசியில் இயந்திரத்தைப் போட்டு ஓட்டியபோது சின்னச் சின்னச் சுருளாக, மிளகு கொட்டினாற்போல், தலை முழுக்க என் அம்மாவின் முடி இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், எடுக்க மனமில்லை. ஈவ்லின் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“நான் உன்ன மாதிரி இருக்கேன்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னாள். அந்த ஆச்சரியம்தான் குத்தியது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது சொன்னாள்: “இந்தத் தடவ பஸ் நிறுத்தத்துல நிக்கக் கூடாது. உள்ள வரணும்.”

“நான் வந்து என்னடி? அம்மா முகத்தப் பாக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்ன.”

“அவங்க பாக்க வேணாம். நீ வா.”

போனேன். நீளமான தாழ்வாரம், சுவரோரம் நாற்காலிகள், பிள்ளைகளும் அம்மா அப்பாக்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை நிறத்து அம்மா ஒருத்தி பழுப்பான தன் பையனுக்குப் பழச்சாறு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு சின்னப் பெண் வந்து ஈவ்லினின் பெயரைக் கூப்பிட்டாள். ஈவ்லின் எழுந்தாள். நானும் கூடவே எழுந்தேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

“நீங்க இவங்களுக்கு யாரும்மா?”

“அவங்க வீட்ல வேல செய்றேன்.”

நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். பழகிய நாக்கு, கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டது. கொட்டிய பாலை அள்ள முடியுமா? ஈவ்லின் திரும்பிப் பார்த்தாள். ஏழு வயதில் பார்த்த அதே பார்வை, ஆனால் இப்போது அழுத்த என் கையில் அவள் விரல் இல்லை. அட்டைக்காரப் பெண், “அப்ப இங்கயே இருங்க” என்றாள். கதவு மூடிக்கொண்டது.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பாலாடைக்கட்டி ரொட்டியில் பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தாள். அதைக் கையிலேயே வைத்திருந்தேன். சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு கத்திவிட்டு ஆறியிருப்பேன். அவளோ கடைக்காரரிடம் பேசுவதுபோல் என்னிடம் மரியாதையாகப் பேசினாள். மூன்று நாள் அப்படியே போனது.

நேற்று காலையில் முடிவு வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். ஈவ்லினுக்கு மருத்துவம் கிடைத்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தால் தலையில் முட்டையும் மாவும் கொட்டாமல் விட மாட்டார்கள். அதுவும் மருத்துவம் என்றால் கேட்க வேண்டுமா? கிரெமில்டாதான் முதல் முட்டையை உடைத்தாள், அப்போதுதான் வளரத் தொடங்கிய அந்தத் தலையில். பிறகு ஆளாளுக்கு மாவைக் கொட்டினார்கள். இரவு வகுப்பு வாத்தியார் எவெர்ட்டன், “வாழ்த்துகள் ஈவ்லின், மருத்துவம்” என்று பெரிதாக எழுதிய துணிப் பதாகையோடு வந்து எங்கள் சுவரில் கட்டினார். தேறிய பிள்ளைகளைக் குடும்பத்தோடு படம் எடுப்பது அவர் வழக்கமாம். நான் கையில் துண்டோடு ஓரமாக நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்ததே இல்லை. அந்த வகுப்பு வாசலுக்கு நான் போயிருந்தால்தானே?

“அம்மா எங்க ஈவ்லின்? படம் எடுக்கலாம்” என்றவர் என் பக்கம் கையைக் காட்டினார். “இவங்க யாரு?”

ஈவ்லின் மாவு பூசிய முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

“அவங்களா சார்? எங்க வீட்ல வேல செய்றாங்க.”

தெருவே சிரித்தது. பிறந்ததிலிருந்து எங்களைத் தெரிந்த தெரு, வேடிக்கை என்று நினைத்துக்கொண்டது. எவெர்ட்டனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான் சிரிக்கவில்லை. என் வார்த்தைதான். அதை அவள் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது என்ன வார்த்தை என்று தெரிந்தது. எத்தனை வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து நின்றிருக்கிறாள்!

“நான் அவ அம்மா!” என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, சிரிப்பு நின்றது.

“இத எங்ககிட்டயா சொல்ற?” என்றாள் கிரெமில்டா. “உனக்குப் பிரசவ வலி வந்தப்ப டாக்சி புடிச்சவளே நான்தான்டி.”

மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். எவெர்ட்டன் படம் எடுத்தார். கூட்டம் பதாகைப் பக்கம் நகர்ந்ததும் ஈவ்லினை நிறுத்தி முகத்தைத் துண்டால் துடைத்தேன். மாவு முட்டையோடு சேர்ந்து காய்ந்திருந்தது, அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. கன்னம், நெற்றி, மூக்கு என்று வெள்ளை போகப் போக அவள் வந்தாள். அந்த முகத்தில் நான் பூசியதுதான் அதிகம், துடைத்தது இதுதான் முதல் தடவை.

“மன்னிச்சிடுடி” என்றேன். “அன்னிக்கு வாய் தவறி வந்துடுச்சி.”

“தவறி வரலம்மா. பழகி வந்துச்சி.”

“நான் உன் அம்மான்னுதான் இப்ப எல்லார் முன்னாடியும் சொன்னேனே.”

“இங்க சொல்லி என்னம்மா? இங்க யாருக்குத் தெரியாது?” துண்டை என் கையிலிருந்து வாங்கி மீதியை அவளே துடைத்துக்கொண்டாள். “திங்கக்கிழம சேர்க்கைக்கு வா. வாசல்ல கேப்பாங்க. அங்க சொல்லு.”

“வரேன்” என்றேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடை திறக்கவில்லை. நல்ல சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்தேன். என் தலைக்கு இஸ்திரி போடவில்லை, வேரில் வந்திருக்கும் சுருள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காலையிலிருந்து பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அதையே சொல்லிப் பார்க்கிறேன். நான் அவளுடைய அம்மா. நான் அவளுடைய அம்மா. வீட்டுக்குள் நன்றாகத்தான் வருகிறது. நாளைக்கு அந்த வாசலில் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, நீங்க யாரும்மா என்று கேட்கும்போது என் நாக்கு எதைச் சொல்லும் என்று எனக்கே தெரியவில்லை.